கடிகாரத்தின் நீதி

மனிதரை எதைக் கொண்டு அளப்பது என்பது பழைய வினா. செல்வத்தைக் கொண்டு அளப்பது பிழை என்று சான்றோர் பலரும் சொல்லிச் சென்றுவிட்டனர். பிறப்பைக் கொண்டு அளப்பது அதனினும் பெரிய பிழை என்பதையும், நடைமுறையில் இல்லாவிடினும் கொள்கையளவிலேனும், நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒருவருடைய முயற்சியைக் கொண்டு அவரை அளப்பது நேர்மையானது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். உழைத்தவர் முன்னே செல்லட்டும், உழைக்காதவர் பின்னே வரட்டும் என்பது நியாயமாகவே தோன்றுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்று சோதித்துப் பார்க்க எளிய களம் ஒன்று உண்டு. அது ஓட்டம்.

பதக்கத்துக்காக ஓடும் வீரர்களை இங்கே நாம் கருதவில்லை. அலுவலகத்துக்கோ கடைக்கோ செல்லுமுன், விடியற்காலையில் ஐந்து அல்லது பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வரும் சாதாரண மனிதரையே கருதுகிறோம். உடல்நலத்துக்காகவும் மனமகிழ்வுக்காகவும் ஓடுகிற இவர்கள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். இலண்டன் நகரின் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் கூடி ஐந்து கிலோமீட்டர் ஓடினர். 'பார்க்ரன்' என்று பெயர் பெற்ற அந்த வாராந்திர ஓட்டம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. இத்தகைய ஓட்டங்களில் கல்லூரி மாணவனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஒரே தொலைவை ஓடுகிறார்கள். ஒரே கடிகாரம் இருவரையும் அளக்கிறது. அந்தக் கடிகாரத்துக்குச் சாதி தெரியாது. பரிந்துரைக் கடிதம் தெரியாது. முகம் பார்த்துப் பேசவும் தெரியாது. இதைவிடப் பாரபட்சமற்ற நடுவர் எங்கே கிடைப்பார்? ஆயினும், பாரபட்சமற்றதாக இருப்பதனாலேயே ஒன்று நீதியானதாகிவிடுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வயது எடுத்துக்கொள்வது

முப்பது வயதை ஒட்டி மனித உடலில் மெல்லிய இறக்கம் ஒன்று தொடங்குகிறது. ஒரு நிமிடத்தில் உடல் உள்வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. நெடுந்தொலைவு ஓட்டத்தின் வேகத்துக்கு அதுவே முதல் அடிப்படை. உடலுழைப்பு இல்லாமல் வாழ்வோரிடம் அது பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்துகொண்டு வருகிறது. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பும் குறைகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் அந்த உச்சம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது பலரும் அறிந்த கணக்கு. ஆளுக்கு ஆள் இது வேறுபடும். ஆனால் இந்த இறக்கத்தை எந்தப் பயிற்சியாலும் நிறுத்திவிட முடியாது. விரைந்து சுருங்கும் தசை இழைகள் மெலிகின்றன. கெண்டைக்கால் தசை முன்போல் தரையை உந்தித் தள்ளுவதில்லை. நிமிடத்துக்கு வைக்கும் காலடிகளின் எண்ணிக்கை பெரிதும் மாறாவிட்டாலும், ஒவ்வோர் அடியின் நீளமும் சிறுகச் சிறுகக் குறைகிறது. ஒரே இரவில் நீங்கிய களைப்பு இப்போது இரண்டு மூன்று நாள் தங்கிவிடுகிறது.

இந்தச் சரிவு ஒரே சீராக நிகழ்வதில்லை. போர்ச்சுகல் நாட்டின் கார்லோஸ் லோப்பஸ் 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 37. அந்த வயது வரை நெடுந்தொலைவு ஓட்டக்காரர் பெரிதாக எதையும் இழப்பதில்லை. பிறகு இறக்கம் மெதுவாகத் தொடங்கி, எழுபதைத் தாண்டியபின் செங்குத்தாகிவிடுகிறது.

இதற்குக் கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் என்பவரைவிடச் சிறந்த சான்று இல்லை. ஓய்வு பெற்ற பொறியாளரான அவர், தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதைகளில் நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிப் பயிற்சி செய்தவர். 42 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் மாரத்தான் தொலைவை எழுபது வயது கடந்த எவரும் மூன்று மணி நேரத்துக்குள் ஓடியதில்லை என்ற நிலையை 2003-இல் அவர் மாற்றினார். அடுத்த ஆண்டு, 73-ஆம் வயதில், அதே தொலைவை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். இருபது வயது இளைஞரிலும் மிகச் சிலருக்கே இது இயலும். அவரே 2016-இல், 85-ஆம் வயதில், ஓடி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 56 நிமிடம் 34 விநாடி. இதுவும் வியப்புக்குரிய சாதனைதான். ஆனால் இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அவரிடமிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காலம் எடுத்துக்கொண்டது. உழைப்பில் அவரை விஞ்சியவர் அரிது. அப்படிப்பட்டவரிடமே இவ்வளவு எடுத்துக்கொள்ளும் முதுமை, நம்மிடம் கேட்காமல் விடுமா?

பயிற்சி திருப்பித் தருவது

ஆனால் கதையின் மறுபாதி நம்மை வேறு விதமாகச் சங்கடப்படுத்துகிறது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966-இல் ஓர் ஆய்வு நடந்தது. உடல்நலம் மிக்க இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் முழுமையாகப் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். பின்னர் எட்டு வாரம் கடுமையாகப் பயிற்சி அளித்தனர். முப்பது ஆண்டு கழித்து, 1996-இல், அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். கிடைத்த முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்காரவைத்தது. முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உடலுழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது! அதோடு நிற்கவில்லை. ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாக நடை, மெல்லோட்டம், மிதிவண்டிப் பயிற்சிகள் அளிக்கப்பட்டன. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், அவர்கள் படுக்கைக்குச் செல்லுமுன் இருபது வயதில் இருந்த அளவுக்கே திரும்பியது. ஆயினும், இருபது வயதில் பயிற்சிக்குப்பின் எட்டிய உயரத்தை ஐவரில் ஒருவரும் தொடவில்லை.

ஐந்து பேரைக் கொண்டு உலகம் முழுமைக்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாதுதான். ஆனால் பின்வந்த ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன. தொடர்ந்து ஊக்கமாகப் பயிற்சி செய்வோரிடம் பத்தாண்டுக்கு 10 விழுக்காடு என்ற இறக்கம் பாதியளவுக்குக் குறையக்கூடும். பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஐம்பது வயதில் முதன்முதலாக ஓடத் தொடங்கும் ஒருவர், ஐம்பத்தைந்தில் முன்னைவிட வேகமாக ஓடுவது வழக்கமாகக் காணும் செய்தியே. இளமையில் எட்டவேண்டிய உயரத்தை எட்டாமலே விட்டவர் அவர். ஆதலால் ஏறுவதற்கு அவருக்கு இன்னும் படிகள் எஞ்சியிருக்கின்றன.

இங்கேதான் அறவியல் கேள்வி எழுகிறது. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினால் 'வயதாகிவிட்டது' என்கிறோம். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாக்கு? முதுமையின் கணக்கில் நாம் எழுதிவைத்திருக்கும் கடனில் பெரும்பகுதி நம் நாற்காலியின் கடன் என்று டாலஸ் ஆய்வு சொல்கிறது. நாற்பதில் விட்டுவிட்ட பழக்கத்துக்கு அறுபதில் காலத்தின்மேல் பழிபோடுகிறோம். காலம் வாய் திறந்து மறுக்காது. ஆதலால் அதைக் குற்றம் சாட்டுவது எளிது.

நம் வீடுகளில் இது இன்னொரு வடிவமும் கொள்கிறது. "அப்பா, நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பின் மொழிதான். ஆனால் தண்ணீர்க் குடத்தையும், கடைத்தெருவுக்குப் போகும் பையையும், மாடித் தோட்டத்துக்கு ஏறும் வேலையையும் ஒவ்வொன்றாகப் பெரியவர்களின் கையிலிருந்து வாங்கிவிட்டு, இறுதியில் "அப்பாவால் நடக்கவே முடிவதில்லை" என்று வருந்துகிறோம். மரியாதையின் பெயரால் ஒருவரை மெல்லமெல்லப் படுக்கைக்கு அனுப்பிவைக்க முடியும் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. மருத்துவரின் அறிவுரையோடு அவர்களை நடக்கவிடுவதும், இயலுமானால் மெல்ல ஓடவிடுவதும் அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதையே ஆகும்.

வள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊழை மிஞ்சிய வலிமை இல்லை என்று ஓரிடத்தில் சொன்னவரே, தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று வேறோரிடத்தில் சொன்னார். இது முரண்பாடு என்று வாதிடுவோர் உண்டு. விட்லாக்கின் வாழ்க்கையையும் டாலஸ் நகரத்து ஐவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது விளங்கும்.

அட்டவணையின் நீதி

கடிகாரம் காட்டும் எண்ணில் வயதும் முயற்சியும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க முடிந்தால் நீதி கிடைத்துவிடும் அன்றோ? மூத்தோர் தடகள அமைப்பினர் இவ்வாறுதான் சிந்தித்தனர். ஒவ்வொரு வயதிலும் ஆணும் பெண்ணும் எட்டக்கூடிய சிறந்த நேரத்தைக் கணித்து, 1989-இல் அட்டவணையாக வெளியிட்டனர். அதன் பிறகு அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. ஒருவருடைய நேரத்தை அவருடைய வயதுக்குரிய சிறந்த நேரத்தோடு ஒப்பிட்டு விழுக்காடு காண்பதே அதன் முறை. 90-ஐத் தாண்டினால் உலகத் தரம். 80-ஐத் தாண்டினால் தேசியத் தரம். 60-ஐத் தாண்டினால் உள்ளூர்த் தரம். இக்கணக்கின்படி, கடைசியாக வந்துசேரும் பாட்டி முதலில் வந்த மாணவனை வென்றிருக்கவும் கூடும். புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தானும் இவ்வழியையே பின்பற்றுகிறது. 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு, 35 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் 2 மணி 55 நிமிடத்துக்குள் வேறொரு மாரத்தானை ஓடி முடித்திருக்க வேண்டும் என்று விதித்த அமைப்பினர், 60 முதல் 64 வயதினருக்கு 3 மணி 50 நிமிடமும், 80 கடந்தோர்க்கு 4 மணி 50 நிமிடமும் அளித்தனர்.

இது கருணையால் தரும் சலுகை என்று நாம் கருத வேண்டியதில்லை. சமமற்றவர்களை ஒரே கோலால் அளப்பது சமத்துவம் ஆகாது என்ற உண்மையை ஒப்புக்கொள்வதே இது. ஆயினும் இந்த நல்ல அட்டவணைக்கும் எட்டாத இடங்கள் உண்டு.

பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகே பியாஸ் பிண்ட் என்ற சிற்றூரில் பிறந்த விவசாயி ஃபௌஜா சிங். மகனை இழந்த துயரைத் தாங்க முதுமையில் ஓடத் தொடங்கியவர். 2000-ஆம் ஆண்டில், 89 வயதில், இலண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2011 அக்டோபரில் கனடாவின் டொராண்டோ நகரில், நூறு வயதில், 8 மணி 11 நிமிடத்தில் ஒரு முழு மாரத்தானை ஓடி முடித்தார். உலகம் வியந்தது; ஆனால் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறவில்லை. காரணம், பிறப்புச் சான்றிதழ் இல்லை! கடவுச்சீட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது. அது போதவில்லை. அக்காலத்து இந்தியச் சிற்றூரில் ஒரு விவசாயியின் மகனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? தலைக்குமேல் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் செய்து பள்ளியில் சேர்த்துக்கொண்டு, ஆசிரியர் தம் மனம்போல் ஒரு பிறந்தநாளை எழுதிவைத்த தலைமுறையை நாமும் அறிவோம். வயதை மதிக்கும் அளவுகோல் வயதுக்குத் தாள் கேட்கிறது. தாள் இல்லாதவருக்கு அந்த நீதியின் கதவு திறப்பதில்லை. சாதனையைச் சரிபார்ப்போர் ஆதாரம் கேட்பது தவறன்று. ஆயினும் ஆதாரம் இல்லாமற்போனது அந்த மனிதருடைய தவறும் அன்று. 2025 ஜூலை 14 அன்று, 114-ஆம் வயதில், தம் ஊரருகே சாலையில் வாகனம் மோதி அவர் உயிர் நீத்தார்.

மற்றொன்றும் உண்டு. அட்டவணை வயதைத் தள்ளுபடி செய்கிறது. வாழ்க்கை நிலையைத் தள்ளுபடி செய்வதில்லை. மகிழ்ச்சிக்காக ஓடுவதற்கு முதலில் ஓய்வு வேண்டும். கட்டடப் பணியில் செங்கல் சுமந்து முழங்கால் தேய்ந்தவர், நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவர், விடியலில் எழுந்து அடுப்பு மூட்டி இரவில் கடைசியாகப் படுக்கும் தாய் ஆகியோர் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்களே. ஆனால் அந்த உழைப்பு அவர்களுடைய ஓட்டத்தை வளர்க்கவில்லை, உடலைத் தேய்த்துவிட்டது. ஒருமணி நேரம் ஓடிவிட்டுக் குளித்து, நல்ல உணவு உண்டு, போதிய அளவு உறங்கும் வாய்ப்புள்ளவரின் அறுபது வயதும், இவர்களுடைய அறுபது வயதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதும் அட்டவணையைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்களால் எழுதக்கூடியதை மட்டுமே அது எழுதும். எஞ்சியதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பழைய நம்மோடு ஓடுவது

'பிறரோடு ஒப்பிடவேண்டாம், நம்மோடு நம்மை ஒப்பிடுவோம்' என்று சிலர் கூறுவர். இது நல்ல அறிவுரைதான். ஆனால் எந்த நம்மோடு? இருபத்தைந்து வயது நம்மோடு என்றால், அவரைப்போல் இரக்கமற்ற போட்டியாளர் வேறொருவர் இல்லை. அவர் இனி மூப்படைய மாட்டார்; காயம்பட மாட்டார்; ஒவ்வோர் ஆண்டும் நம்மைவிட்டு இன்னும் சற்று முன்னே போய்க்கொண்டே இருப்பார். அவரைத் துரத்தி, வலியையும் மருத்துவரின் எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் ஓடி, ஓட்டத்தையே இழந்தவர் உண்டு.

1984 ஒலிம்பிக்கில் பெண்களுக்கான முதல் மாரத்தானை வென்ற அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட் சாமுவேல்சன் இதற்கு அழகான விடை ஒன்றைக் காட்டினார். 1979-இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 35 நிமிடம் 15 விநாடியில் ஓடி வென்றவர் அவர். சரியாக நாற்பது ஆண்டு கழித்து, 2019-இல், 61-ஆம் வயதில் அதே சாலைக்குத் திரும்பினார். தம் பழைய நேரத்தைவிட நாற்பது நிமிடத்துக்கு மேல் தாமதிக்காமல் முடிப்பதே அவர் வைத்துக்கொண்ட இலக்கு. ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்று காலத்துக்கு உரிய வரியை முன்னதாகவே மனமுவந்து ஒதுக்கிவைத்தார். 3 மணி 4 நிமிடத்தில் முடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு அவர் கொடுத்தது 29 நிமிடத்துக்கும் குறைவு. காலத்துக்கு உரியதைக் கொடுக்க மறுக்காத ஒருவர், தமக்கு உரியதைக் காலத்திடம் விட்டுக்கொடுக்கவும் மறுத்தார். இதில் நாம் கற்கவேண்டியது மிகுதி.

அமெரிக்கத் துறவி மடோனா பூடர் என்ற சகோதரிக்கோ துரத்துவதற்கு இளமைக் காலத்து நேரம் எதுவுமே இல்லை. குரு ஒருவர் சொன்னதைக் கேட்டு 48-ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினார். 2012-இல், 82 வயதில், 3.8 கிலோமீட்டர் நீச்சலும், 180 கிலோமீட்டர் மிதிவண்டியும், அதன்மேல் ஒரு முழு மாரத்தானும் கொண்ட 'அயர்ன்மேன்' போட்டியைக் கனடாவில் முடித்தார். ஒப்பிடுவதற்குத் தமக்கு முன் பெண் எவரும் இல்லாத வயதில் ஓடியவர் அவர். அளவுகோல் இல்லாத இடத்திலும் மகிழ்ச்சியாக ஓட முடியும் என்பதற்கு அவரே சான்று.

நமக்குரிய பங்கு

ஆகவே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஓடி முடித்தவரின் பெயருக்கு நேரே கடிகாரம் எழுதும் எண் பொய்யன்று. ஆனால் அந்த ஒரே எண்ணுக்குள் பிறவிக் கொடையும், கடந்துபோன ஆண்டுகளும், வாழ்க்கை தந்த அல்லது தர மறுத்த வாய்ப்பும், அவருடைய முயற்சியும் பிரிக்க முடியாதபடி கரைந்திருக்கின்றன. இவற்றுள் முயற்சி ஒன்றே அவருடையது. முயற்சியைக் கொண்டு மனிதரை அளப்பது நேர்மையே. ஆனால் அளக்கும் கருவி எதுவும் முயற்சியை மட்டும் தனியே அளப்பதில்லை. ஓட்டத்துக்கே இது உண்மையென்றால், தேர்வு மதிப்பெண்ணுக்கும், பதவி உயர்வுக்கும், சேர்த்த சொத்துக்கும் இன்னும் எவ்வளவு உண்மை!

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன என்று கருதுகிறோம். அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்வன. பிறரை மதிப்பிடும்போது, அந்த எண்ணில் எது அவருடைய பங்கு என்பது நமக்குத் தெரியாது. ஆதலால் நாம் தீர்ப்பிடாமல் இருக்கவேண்டும். பின்தங்கி வருபவரைச் சோம்பேறி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இரண்டரை மணி நேரத்தில் முடித்தவரைப் பாராட்டும் கூட்டம் கலைந்து சென்றபின், ஆறு மணி நேரம் அதே வெயிலில், அதே 42 கிலோமீட்டரைத் தம் கால்களால் கடந்து வருபவர் குறைவாகத் துன்புற்றவர் அல்லர். கூடுதலான நேரம் தாங்கியவர். அவருக்காக எல்லைக்கோட்டில் காத்திருப்பது நம் கடமை.

தம்மை மதிப்பிடும்போதோ நிலைமை வேறு. நம்முடைய பங்கு எது என்பது நமக்கு ஓரளவு தெரியும். எந்த நாளில் உடல் உண்மையாகவே மறுத்தது, எந்த நாளில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம் என்பதை மனச்சான்று அறியும். ஆதலால் நம் திறத்தில் சாக்குச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. பிறரிடம் தாராளம், தம்மிடம் கண்டிப்பு என்ற இந்த ஒழுங்கைப் பெரும்பாலும் நாம் தலைகீழாகவே கடைப்பிடிக்கிறோம். நம் தளர்ச்சிக்கு வயதையும், பிறர் தளர்ச்சிக்கு அவர்தம் குணத்தையும் காரணம் காட்டுகிறோம்.

முதுமை நம்மிடம் கேட்பதை இறுதியில் பெற்றே தீரும். அதை நல்ல முகத்தோடு கொடுப்பது ஓர் அறம். அது கேட்காததையும் முன்கூட்டியே தூக்கிக் கொடுத்துவிட்டு, பறித்துக்கொண்டது என்று புலம்பாதிருப்பது மற்றோர் அறம். எழுபது வயதில் ஐந்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் ஓடி வருபவரின் எண் சிறியதாக இருக்கலாம். ஆனால் அதில் அவருடைய பங்கு முழுமையாக இருக்குமானால், அந்த வயதில் அவரிடம் கேட்பதற்கு நீதிக்கு வேறொன்றும் இல்லை.